நைனா கெடுத்த பாட்டு

மகன் கூடத்தில் புதிதாக வாங்கி வைத்த ஸ்பீக்கர்களில் என் பழைய கேசட் ஒன்றைப் போட்டான். "இன்னாம்மா, பாட்டை விட இரைச்சல்தான் ஜாஸ்தியா இருக்கு" என்று சிரித்தான்.

பின்னே எப்படி இருக்கும்? சின்ன வயதில் எங்கள் ஏரிக்கரை ஊரான தோணிரேவில் நான் பாட்டுப் பிடித்த விதம் அப்படி. மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த டேப்ரெக்கார்டரை ரேடியோவுக்கு முன்னால் வைத்து, பொத்தானை அமுக்கிவிட்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பேன். ஏரிக்காற்றில் கூரை ஓலை படபடப்பதும் சேர்ந்தே பதிவாகும்.

அன்று நான் வாரக்கணக்கில் காத்திருந்த பாட்டு வந்தது. வாசலில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த நைனாவுக்குக் காற்று மாறியது தெரிந்துவிட்டது. முதலில் உணர்ந்தவர் கத்திச் சொல்லியாக வேண்டும், அதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

"காத்து வாடையா திரும்பிடுச்சு! படகையெல்லாம் இழுத்துக் கட்டுங்க!"

"சும்மா இருய்யா, பொண்ணு பாட்டு புடிக்குது" என்று அம்மா அதட்டியதும் பதிவானது.

பாட்டைக் கெடுத்துவிட்டாரென்று இரண்டு நாள் நைனாவோடு நான் பேசவில்லை. "பாட்டா சோறு போடுது?" என்று எப்போதும் கேட்கிறவர்தானே அவர்.

இன்று அம்மாவின் அதட்டலுக்குப் பிறகு, இத்தனை வருடம் என் காதில் விழாத ஒன்று ஸ்பீக்கரில் கேட்டது. நைனா அடிக்குரலில், சுருதி சேராமல், அந்தப் பாட்டைக் கூடவே பாடிக்கொண்டிருந்தார்.

"இதே பாட்டு போன்ல சுத்தமா இருக்கும்மா, போடட்டா?" என்றான் மகன்.

"வாணாம்டா. அதுல எங்க நைனா பாடல."