சாப்பிட்டியா என்று கேட்டேன்

புனே கராடியில் ஐடி வேலை பார்க்கிறேன். இங்குள்ள டாக்டர்களோடு, நேபாளத்தில் ஓர் அனாதை இல்லத்துக் குழந்தைகளின் உதட்டுப் பிளவைச் சரிசெய்யும் முகாமுக்குப் போயிருந்தேன். ஆபரேஷனுக்கு முன் குழந்தைகள் வெறும் வயிற்றோடு இருக்கிறார்களா என்று பார்ப்பது என் பொறுப்பு.

ஆறு வயது மாயாவிடம், நம் வீட்டில் கேட்கிற மாதிரியே, "சாப்பிட்டியா?" என்று இந்தியில் கேட்டேன். "இல்ல" என்றாள். உள்ளே அனுப்பிவிட்டேன்.

மயக்க மருந்து கொடுத்ததும் வாந்தி வந்து, அது நுரையீரலுக்குள் போய்விட்டது. வென்டிலேட்டரில் கிடந்துதான் பிழைத்தாள். உதட்டைத் தைக்கவே முடியவில்லை.

கண் விழித்தவளிடம், "ஏம்மா இல்லன்னு சொன்னே?" என்றேன்.

"ஆமான்னா சாப்பாடு தர மாட்டீங்களே."

இப்போதெல்லாம் முகாமுக்குப் போனால், ஆபரேஷனுக்குப் பின் கொடுக்க எடுத்துவைத்த ரொட்டியைக் குழந்தையிடம் முதலில் காட்டிவிடுகிறேன். "இது உனக்குத்தான், யாரும் எடுக்க மாட்டாங்க" என்கிறேன். அதற்குப் பிறகுதான், "காலையில என்ன சாப்பிட்டே?" என்று கேட்கிறேன்.