கிணற்றடிச் சொல்

துணுக்காயில் நான் வந்த பஸ் பழுதாகி நிற்கிறது. எதிரே மைதானத்தில் விளையாட்டுக் கழக விழா. மூன்று மணி வெயிலில் கொதிக்கும் உழவு இயந்திர இழுவைப் பெட்டிதான் மேடை. ஹெவி மெட்டலையும் ராப்பையும் கலந்து பாடும் உள்ளூர் இசைக்குழு அடுத்து ஏறப்போகிறது. ராப் பாடும் தர்சினி பாட்டெழுதிய தாளை மடிக்கிறாள், விரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே காடு வெட்டி வயலாக்கிய குடும்பம் அவளுடையது.

"என்ன பிள்ளை நடந்தது?" என்று கேட்கிறேன்.

"கழகக்காரர் என்ர வரியளை வெட்டிப்போட்டினம் அன்ரி. அதில 'தோட்டக்காட்டாள்' எண்டு வருதாம். கிணத்தடியில எங்களை அப்பிடித்தானே இளக்காரமாக் கூப்பிடுகினம்! மேடையில நான் சொன்னால் மட்டும் ஊர் மானம் போயிடுமோ?"

கழகத் தலைவர் குறுக்கே வருகிறார். "கிற்றார்க்காரத் தம்பி என்னத்தையும் கத்தட்டும், ஒருத்தருக்கும் விளங்காது. உன்ர கதைதான் தெளிவாக் கேக்குது."

எனக்குக் காது சுடுகிறது. விளங்காத கோபத்துக்கு மட்டும் இங்கே அனுமதி. காடு வெட்டிய கை வேண்டும், அந்தக் கைக்குரிய வாய் வேண்டாம்.

பாட்டுத் தொடங்குகிறது. தர்சினி நீட்டிய அதே தாளைப் பார்த்தபடி கிற்றார்க்காரன் தொண்டை கிழிய உறுமுகிறான். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. முடிந்ததும் தலைவரே முதல் ஆளாகக் கைதட்டுகிறார். மைதானமே தட்டுகிறது.

தர்சினி மைக்கை வாங்குகிறாள்.

"நன்றி. இப்ப நீங்கள் கைதட்டினது இந்தத் தோட்டக்காட்டாள் எழுதின பாட்டுக்கு."

தலைவரின் கைகள் பாதி வழியில் நிற்கின்றன.