ஓசூர் சந்தையில் பதினைந்து கிலோ முள்ளங்கி

கெலவரப்பள்ளி அணைக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஓசூருக்குப் போகிற முதல் பஸ்ஸில் மனிதர்களுக்கு முன்னால் காய்கறிகள்தான் ஏறும். பீன்ஸ் மூட்டைக்கு ஜன்னலோர சீட். கொத்தமல்லிக் கட்டுகளுக்குக் காற்று வருகிற படிக்கட்டு ஓரம். எனக்கு ஒரு முட்டைக்கோஸ் மூட்டையின் மேல் இடம் கிடைத்தது. உழவர் சந்தைக்குப் போகிறவர்களின் மூட்டைக்கு அந்த பஸ்ஸில் கட்டணம் கிடையாது. கண்டக்டர் எனக்கு மட்டும் ஐந்து ரூபாய் டிக்கெட் கிழித்தார்.

"நானும் முட்டைக்கோஸ்தான் அண்ணே. வேணும்னா எடை போட்டுப் பாருங்க."

"முட்டைக்கோசு பேசாது" என்று மீதிச் சில்லறையைக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், ஐடிஐயைப் பாதியில் விட்டவன். மூக்கண்டப்பள்ளியில் அறை எடுத்துத் தங்கி, ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை. ஆர்டர் இல்லை என்று ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நாலு பேர் அறையில் பகலில் படுத்துக் கிடந்தால் நைட் ஷிஃப்ட் முடித்துவந்தவன் உதைப்பான். அதனால் கூட வேலை பார்க்கிற மஞ்சுவின் அண்ணன் வீட்டுக்கு இரண்டு நாள் போயிருந்தேன். அண்ணன் பெயர் முனிராஜு. அவர் மனைவி ரத்னம்மா அக்கா. வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று மூன்று சிம் கார்டு போட்ட ஆட்கள்.

அன்றைக்குப் பஸ்ஸில் அக்கா வழக்கம்போல மூட்டைகளோடு வந்தார். முனிராஜு அண்ணன் மட்டும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். பொண்ணு பார்க்கப் போகிறீர்களா என்று கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர்களுடைய ஒன்றே கால் ஏக்கரை அன்றைக்கு விலை பேசி முடிக்கிறார்கள். நிலம் அக்கா பெயரில் இருக்கிறது, அவர் அப்பா எழுதிக் கொடுத்தது. புரோக்கர் ஓசூருக்கே காரில் வருகிறார். அக்கா கையெழுத்துப் போட்டால், மறுநாளே ஜேசிபி இறங்கும். நிற்கிற பயிர் எல்லாம் நிலத்தோடு சேர்த்தி, ஒரு செடி பிடுங்கக் கூடாது.

பஸ் மேட்டில் ஏறியபோது இரண்டு பக்கமும் நிலத்தில் வரிசையாகக் கல் நட்டு மஞ்சளும் சிவப்பும் பூசியிருந்தது. நடுவே ஒரு வளைவு, அதில் ஒரு நகரின் பெயர். வீடு ஒன்றுகூட இல்லை.

"ரெண்டு பக்கமும் வித்துட்டான். நடுவுல நான் மட்டும் கலப்பையைப் புடிச்சிக்கினு நிக்கறதா?" என்றார் முனிராஜு, யாரும் கேட்காமலே. "போர்ல தண்ணி கீழ போய்க்கினே இருக்குது. களை எடுக்க ஆள் கூப்ட்டா எல்லாம் கம்பெனி பஸ்ல போறன்னு சொல்லுதுங்க. ஒரு வேன் வாங்கி கம்பெனிக்கே ஓட்டினா மாசம் பொறந்தா காசு."

"கம்பெனியில மாசம் பொறக்குறது எனக்குத் தெரியும் அண்ணே" என்றேன். "இப்ப அதுக்குத்தான் முட்டைக்கோஸ் மேல உக்காந்திருக்கேன்."

அவர் என்னை முறைத்துவிட்டு செல்போனை எடுத்து மணி பார்த்தார். பாக்கெட்டில் போட்டார். மறுபடியும் எடுத்தார். உட்கார இடம் கிடைத்தும் எழுந்து நின்றார். அவர் முட்டி ஆடியதில் பக்கத்து பீன்ஸ் மூட்டையும் ஆடியது. எனக்கும் ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது என்பதால் அவரைப் பார்க்கப் பார்க்க என் காலும் ஆட ஆரம்பித்தது. அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார்.

"நீங்க என்னக்கா சொல்றீங்க?"

"காய் காலியானதும் வரன்னு சொல்லிட்டன்" என்றார். அவ்வளவுதான்.

சந்தைக்குள் நுழையும்போது நன்றாக விடிந்திருந்தது. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வியாபாரிக்கு இடமில்லை. நிலம் வைத்துப் பயிர் செய்கிறவருக்கு போட்டோ ஒட்டிய கார்டு கொடுத்திருக்கிறார்கள். கார்டைக் காட்டினால் ஒரு இடமும் ஒரு தராசும் கிடைக்கும். வாடகை இல்லை. மத்தியானம் தராசைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வாசலில் கரும்பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும். அன்றைக்கு பீன்ஸ் பதினான்கு, தக்காளி ஐந்து, முள்ளங்கி ஆறு. அதற்கு மேல் விற்கக் கூடாது. அடுத்தவர் தோட்டத்துக் காயை வாங்கி வந்து விற்றால் கார்டு போய்விடும்.

அக்காவின் இடம் மூன்றாவது வரிசையில். சாக்கை விரித்து, முள்ளங்கியை இலை ஒரு பக்கம் கிழங்கு ஒரு பக்கமாக அடுக்கினார். முந்தின நாள் மாலை தொட்டியில் கழுவியது, வெள்ளைவெளேரென்று இருந்தது. கூட்டம் வந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வந்தவர்கள் நின்றபடியே தூங்கிக்கொண்டு வாங்கினார்கள். அத்திப்பள்ளியிலிருந்து வந்த ஒரு கன்னடக்கார அம்மா பீன்ஸை ஒடித்து ஒடித்துப் பார்த்து, அரை கிலோ வாங்குவதற்குள் கால் கிலோ ஒடித்தார். அக்கா அவருக்கும் பொறுமையாக நிறுத்துப் போட்டார். ஒவ்வொரு கிழங்காக எடுத்து, மண் இருக்கிறதா என்று துடைத்து, தராசில் வைத்தார். நகைக்கடையில்கூட இவ்வளவு நேரம் ஆகாது.

எட்டரை மணிக்கெல்லாம் புரோக்கர் போன் செய்துவிட்டார். சந்தைக்கு வெளியே டீக்கடை ஓரம் வெள்ளைக் கார் நிற்பது எங்கள் இடத்திலிருந்தே தெரிந்தது.

"ரத்னா, சீக்கிரம் போடு."

"போட்டுக்கினுதான இருக்கறன்."

"மீதியை யார்ட்டயாவது குடுத்துட்டு வா."

"காலியாவட்டும்னு சொன்னேன் இல்ல. தராசு வேற என் கார்டுல வாங்கினது."

முனிராஜு அண்ணன் வெள்ளைச் சட்டையின் கையை மடக்கினார். அக்காவை நகரச் சொல்லிவிட்டுச் சாக்கில் உட்கார்ந்தார். "முள்ளங்கி ஆறு ரூபா, நமக்கிட்ட நாலு" என்று கத்தினார். பத்துப் பேர் திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில், "மூணு ரூபா, மூறு ரூபாய், மூடு ரூபாயலு" என்று மூன்று மொழியிலும் கத்தினார். சந்தையே எங்கள் சாக்குக்கு வந்துவிட்டது. பைகளைப் பிடிக்கிற வேலை எனக்கு. "வாங்க, மாப்பிள்ளை சட்டையில வந்து விக்கிறாரு, மொய் வைக்காம போகாதீங்க" என்று நானும் ஏற்றிவிட்டேன்.

பக்கத்துச் சாக்கில் முள்ளங்கி வைத்திருந்த கிருஷ்ணப்பா என்கிற பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்பா முனிராஜு, நீ இன்னிக்கோட வித்துட்டு வேன் ஓட்டப் போயிருவ. நாளைக்கு எங்கிட்ட எவன் ஆறு ரூபாக்கு வாங்குவான்?"

"நாளைக் கதை எனக்கெதுக்கு மாமா?"

பீன்ஸ் தீர்ந்தது. முள்ளங்கி அடுக்கு தீர்ந்தது. பின்னால் ஈரச் சாக்கால் மூடி ஒரு குவியல் இருந்தது. அதையும் இழுத்துக் கொட்டினார். அக்கா வாயைத் திறந்தார், அப்புறம் மூடிக்கொண்டார். கடைசிக் கிலோவை ஒரு யூனிஃபார்ம்காரன் பையில் நானே கொட்டினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் செல்வி அக்கா வந்தார். மூக்கண்டப்பள்ளியில் மெஸ் நடத்துகிற திருநெல்வேலிக்காரர். எங்கள் அறையில் நாலு பேரும் அங்கேதான் சாப்பாடு. வாரத்தில் நாலு நாள் முள்ளங்கி சாம்பார் போட்டு எங்களை வதைக்கிறவர். அதற்குக் காரணமான தோட்டத்தில்தான் இரண்டு நாளாக விருந்து சாப்பிட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏல, நீ எங்கல இங்க?" என்று என்னைக் கேட்டுவிட்டு, பையை நீட்டினார். "ரத்னம்மா, என் பத்து கிலோவ எடு."

அக்கா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். முனிராஜு காலிச் சாக்கைப் பார்த்தார்.

"அது... தெரியாம வித்துட்டன்க்கா" என்றார்.

"தெரியாமலா? ஒரு வருசமா ஈரச் சாக்குக்குக் கீழ என் பங்கு இருக்கும். நானும் நாலு பஸ்ஸு மாறியாச்சும் வந்து எடுப்பேன். ஊரெல்லாம் கூவிக் கூவிக் குடுக்கத் தெரியுது. எடுத்து வைக்கத் தெரியலையோ? நூறு புள்ளைய மத்தியானம் தட்டைத் தூக்கிட்டு நிக்கும். உம்ம மூஞ்சியையா அறுத்துப் போடட்டும்?"

"சாம்பார் இல்லாட்டி நூறு பேரும் சந்தோசப்படுவாங்கக்கா" என்றேன்.

"நீ பேசாத. நாளைக்கு உனக்கு ரசம் மட்டுந்தான்."

வரிசையே பார்த்துக்கொண்டிருந்தது. கிருஷ்ணப்பா எழுந்தே நின்று பார்த்தார். முனிராஜு அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது. ஒரு வருடமாக வாங்குகிற ஆளுக்கு எடுத்து வைத்ததை விற்பது அந்த வரிசையில் பெரிய அசிங்கம். கிருஷ்ணப்பாவிடம் பத்து கிலோ வாங்கி செல்வி அக்காவின் பையில் போட்டார், தன் காசில், ஆறு ரூபாய் விலைக்கே. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"நாளைக்குப் பதினஞ்சு கிலோ, நானே கொண்டாந்து மெஸ் வாசல்ல போடறன்க்கா. நம்ம தோட்டத்து முள்ளங்கி. காசுகூட வேணாம்."

"சொன்னா சொன்னபடி வரணும்."

"வரன்க்கா. இவங்க எல்லார் முன்னாடியும் சொல்றன்."

செல்வி அக்கா போய்விட்டார். கிருஷ்ணப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "நாளைக்கு உனக்கு ஏதுப்பா தோட்டம்?"

எனக்கு நாக்கு நுனி வரை ஒரு கிண்டல் வந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

ரத்னம்மா அக்கா சாக்குகளை உதறி மடித்தார். தராசைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். புடவையைச் சரிசெய்துகொண்டு, "காலியாயிடிச்சி. சொன்னபடி வரன், வாங்க போலாம்" என்றார். அவர் முன்னால் நடந்தார். முனிராஜு பின்னால். காலிச் சாக்குகளோடு நான்.

புரோக்கர் மரியாதையான ஆள். அக்காவுக்கு முதலில் டீ சொன்னார். கார் முன்பக்கம் பத்திரத்தை விரித்து, பேனா மூடியைக் கழற்றி வைத்தார்.

"அக்கா, இங்க ஒண்ணு, அடுத்த பக்கம் ஒண்ணு."

அக்கா பேனாவை வாங்கிக்கொண்டார். முனிராஜு தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு ஒரு பதினஞ்சு கிலோ முள்ளங்கி மட்டும் புடுங்கிக்கறங்க. அப்புறம் ஜேசிபி விடுங்க."

"காலைல ஏழு மணிக்கு வண்டி வருதுண்ணா, வாடகை பேசியாச்சு. பதினஞ்சு கிலோதான, கடையில வாங்கிக் குடுத்துடுங்க."

"நம்ம தோட்டத்துதுன்னு சொல்லிட்டன். வெளிய வாங்கி நம்மதுன்னு குடுத்தா கார்டு போயிடும்."

புரோக்கர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. "நிலமே இல்லாம கார்டு எதுக்குண்ணா?"

முனிராஜு அண்ணன் டீ டம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மூன்றாவது வரிசைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அக்கா பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க போடணும்னு நீங்க காட்டுங்க" என்றார். குரலில் கோபமில்லை, கெஞ்சலும் இல்லை.

"பஸ் வந்துடிச்சி" என்றார் முனிராஜு.

பஸ் வரவில்லை. அது வர இன்னும் நேரம் இருந்தது.

"இந்த பஸ்ஸை விட்டா அப்புறம் சாயந்தரந்தான். மத்தியானம் முள்ளங்கி புடுங்கணும். நீங்க இன்னொரு நாள் வாங்க சார்" என்று சொல்லிய முனிராஜு, அக்கா கையிலிருந்த பேனாவை வாங்கி மூடிபோட்டு புரோக்கரிடமே கொடுத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

பஸ் ஸ்டாண்டில் நின்ற நேரமெல்லாம் அண்ணன் தெலுங்கில் திட்டிக்கொண்டே இருந்தார். செல்வி அக்காவை, கிருஷ்ணப்பாவை, போர் தண்ணீரை, தன் வாயை. நான் இப்படியே மூக்கண்டப்பள்ளிக்குக் கிளம்புகிறேன் என்றேன்.

"எங்க போற? மொய்யி மொய்யின்னு கத்தி வித்தது நீயுந்தான. பதினஞ்சு கிலோ யார் புடுங்குவாங்க? ஏறு."

ஏறினேன். திரும்பும் பஸ்ஸில் எனக்கு சீட் கிடைத்தது. மூட்டைகள் இல்லாத பஸ் ரொம்ப ஆடியது.

முள்ளங்கி பிடுங்குவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம். இலையைப் பிடித்து இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும். நான் அப்படி மூன்று செடியை மொட்டை அடித்த பிறகு, அக்கா என்னைக் கழுவுகிற வேலைக்கு மாற்றினார். அவர் தோட்டத்தில் இருந்தபோதுதான் முதன்முதலாக என் கிண்டலுக்குத் திருப்பிக் கிண்டல் செய்தார். "ஐடிஐ பாதியில விட்டதுக்கு இதான் காரணமா தம்பி?"

சாயந்தரம் கிளம்பும்போது எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. எங்கள் கரிசலைச் சும்மா கொடுத்தாலும் வாங்க எந்தப் புரோக்கரும் கார் போட்டு வரமாட்டார். அதனால் நிலத்தை விற்காமல் வைத்திருப்பதில் என் அப்பாவுக்குச் சிரமமும் இல்லை, பெருமையும் இல்லை. இங்கே அப்படி இல்லை. புரோக்கர் மறுபடி வருவார், ஒருவேளை விலையை ஏற்றிக்கொண்டே வருவார். பதினைந்து கிலோ முள்ளங்கி எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. முனிராஜு அண்ணனுக்கும் தெரியாது. இந்த ஊரில் பத்து நாளில் ஒரு காடு தெருவாகிவிடுகிறது.

நான் பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றபோது கழுவிய முள்ளங்கி சாக்கில் கட்டி வாசலில் இருந்தது. நாளைய வேலை முடிந்துவிட்டது. ஆனால் முனிராஜு அண்ணன் வீட்டுக்குள் போகவில்லை. வெள்ளைச் சட்டையை வேலியில் மாட்டிவிட்டு, மண்வெட்டியோடு கடைசிப் பாத்திக்குப் போனார். போன வாரம்தான் அக்கா அங்கே கொத்தமல்லி விதைத்திருந்தார். அது அறுப்புக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்தப் பாத்திக்கு வரப்பை வெட்டித் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, வேலியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மடித்தார்.