வடக்கு இல்லாத படம்

அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குள் நுழையாமலே திரும்பிப் போனதற்கு நான் வரைந்த வரைபடம்தான் காரணம் என்று எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது யாராவது அதை எடுத்துவிடுவார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. முத்தையாபுரத்தில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. பள்ளியில் டீச்சர் வரைபடம் பற்றி நடத்தியிருந்தார். கோயிலுக்கு ஒரு குறியீடு, தண்டவாளத்துக்கு ஒன்று, தூரத்தைச் சுருக்கிக் காட்ட அளவை, திசை காட்ட அம்புக்குறி. எனக்கு அது பித்தாகப் பிடித்துக்கொண்டது. சோற்றைக் கரையாகவும் ரசத்தைக் கடலாகவும் தட்டில் ஒதுக்கி வைத்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உடன்குடிப் பக்கமிருந்து அத்தைக்கு ஓர் இடம் வந்தது. அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்து, சேரும் நாளுக்காகக் காத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டாரோ கல்யாணத்துக்குப் பிறகு படிப்பு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அத்தை பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.

அவர்களைக் கூட்டி வரவேண்டிய தரகருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் போன் கிடையாது.

"இவதான் பொழுதன்னைக்கும் படமா வரையுதாளே. வழிய வரைஞ்சு குடுத்து விடுவோம்" என்றார் அப்பா.

மொட்டை மாடியில் தாளை விரித்து உட்கார்ந்தேன். எங்கள் வீடு கிழக்குப் பார்த்த வீடு. எதிரே உப்பளம், அதற்கப்பால் கடல். எங்கள் பக்கத்தில் மாடிக்குப் போனால் கடலுக்கு முதுகைக் காட்டி யாரும் உட்கார மாட்டார்கள். காற்று அங்கிருந்துதானே வர வேண்டும். அதனால் கடல் தாளின் உச்சிக்கு வந்துவிட்டது. வடக்கு இடது கைப்பக்கம் ஒதுங்கிவிட்டது. அதில் தவறொன்றும் இல்லை, வடக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அம்புக்குறி போட்டால் போதும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். இடது ஓரத்தில் சிவப்பு மையால் பெரிய அம்புக்குறி போட்டு, பக்கத்தில் 'வ' என்று எழுதினேன். திருச்செந்தூர் ரோடு தாளின் குறுக்கே ஓடியது. தண்ணீர்த் தொட்டி அருகே ரோட்டை விட்டுத் தாளின் உச்சியை நோக்கிப் போனால் எங்கள் வீடு.

அத்தை படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். தாளை ஒரு சுற்றுச் சுற்றியும் பார்த்தாள்.

"நல்லாத்தாம்ளா இருக்கு. ஓரமெல்லாம் ஒன் கை அழுக்கு. கத்திரிய எடுத்துட்டு வா" என்றாள்.

நாலு பக்கமும் நேராக வெட்டிக் கொடுத்தாள். படம் கடையில் விற்கிற வாழ்த்து அட்டை மாதிரி ஆகிவிட்டது. தரகர் வீட்டு ஆள் மூலம் அது உடன்குடிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் அவர்கள் வந்துவிட வேண்டும். பஜ்ஜி போட்டு, தட்டில் முந்திரி மக்ரூன் இனிப்பு அடுக்கி, எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேன் வந்து நின்றபோது ராகு காலத்தில் பாதி கழிந்திருந்தது. கண்ணாடியெல்லாம் நிலக்கரித் தூசி.

படம் மாப்பிள்ளையின் தாய்மாமன் கையில் இருந்திருக்கிறது. அவர் வாத்தியார். தண்ணீர்த் தொட்டி வந்ததும், வலது பக்கம் திரும்பட்டுமா என்று டிரைவர் கேட்டிருக்கிறார்.

"படத்துல உச்சி எப்பவும் வடக்குதாம்ப்பா. நேரா விடு" என்று சொல்லிவிட்டாராம் அவர்.

ரோடு படத்தில் வேறு மாதிரி ஓடுகிறதே என்று கேட்டதற்கு, சின்னப்பிள்ளை போட்ட கோடு கோணத்தான் செய்யும் என்றாராம். வேன் நேராகப் போய், துறைமுகத்துக்குப் போகும் நிலக்கரி லாரி வரிசைக்குள் மாட்டிக்கொண்டது.

ராகு காலத்தில் பெண் வீட்டுப் படியேற முடியாது. மாப்பிள்ளையின் அம்மா வேனை விட்டே இறங்கவில்லை.

"மொதத் தடவையே வழி மறிச்சிட்டு அண்ணாச்சி. மனசுக்குச் சரியாப் படல" என்று அப்பாவிடம் சொன்னார். வேன் திரும்பிப் போய்விட்டது.

"வடக்கு எங்கன்னு போடத் தெரியாதாளா ஒனக்கு?" என்று அப்பா என் மேல் பாய்ந்தார்.

"போட்டேம்ப்பா" என்றேன். ஆனால் அவர்கள் திருப்பிக் கொடுத்த படத்தில் அம்புக்குறி இல்லை. பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில், போட்டோமா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே என்று அடுக்களை மூலையில் உட்கார்ந்து அழுதேன்.

அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மக்ரூன் தட்டை அப்படியே என் மடியில் வைத்து, "தின்னு" என்றாள். என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்ததைப் பார்த்து எனக்கு அழுகை கூடியது. அழுதுகொண்டே தட்டைக் காலி செய்தேன்.

அத்தை பயிற்சிக்குப் போனாள், டீச்சரானாள், கூட வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். இப்போது ஓய்வு பெற்று எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். போன வாரம் என் மகள், பள்ளிக்காக வரைந்த தெருப் படத்தை அவளிடம் காட்டினாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"எல்லாம் இருக்கு, வடக்கு எங்களா? அது மட்டும் இல்லன்னா வாரவன் எங்கயாவதுல்லா போய் நிப்பான்" என்றாள். சொன்னவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் எழுந்து கடைக்குப் போய் ஒரு பெட்டி மக்ரூன் வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தேன்.

ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இப்ப எதுக்குளா இது?" என்றாள்.

அன்றைக்கு அடுக்களையில் நான் அவளிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள் என்றல்லவா நினைத்து அத்தனையும் தின்றேன்.