அவர் சொன்ன கதவு

என் கணவர் விதை கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தார். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டமும் அவர் பொறுப்பு. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காய விதைகள். காலையில் கீழப்பழுவூரில் எங்கள் வீட்டிலிருந்து வண்டியை எடுத்தால் மதியம் பூலாம்பாடியில் ஏதாவது உரக்கடையில் உட்கார்ந்திருப்பார். மறுநாள் விக்கிரமங்கலம் பக்கம். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஓட்டி ஓட்டி, சட்டைக் காலரில் சுண்ணாம்புத் தூசி பூத்துத்தான் வீடு வருவார்.

ஐம்பது வயதுக்குள் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. வாய் அடைபடவில்லை, நன்றாகவே பேசினார். ஆனால் நினைத்த சொல் வராமல் வேறு சொல் வந்தது. தண்ணீர் கேட்க நினைத்தால் “செருப்பு” என்பார், சோறு கேட்க நினைத்தால் “பஸ்” என்பார். நான் செருப்பை எடுத்து வந்தால் இடது கையால் கட்டிலில் அறைவார். தப்பாக வருகிறது என்று அவருக்குத் தெரிந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

திருச்சியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், “அவருக்குப் பழக்கமான விஷயத்த வச்சே பேச்சுக் குடுங்க மேடம், ஏதாவது ஒண்ணு பிடிச்சுக்கும்” என்றார். நான் அரியலூரில் பள்ளி ஆசிரியை. சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கியதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விதை ரகங்களின் பெயரைச் சொல்வேன், கடைக்காரர்களைப் பற்றிக் கேட்பேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வண்டி வீட்டோரத் தகரச் சாய்ப்பின் கீழே நின்றது. ஒரு மழைக்காலம் முழுக்க அதை யாரும் தொடவில்லை. டயர்கள் சப்பி, சீட்டில் பூஞ்சணம் படிந்து, கண்ணாடிக்குப் பின்னால் மண்குளவி கூடு கட்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் அவரை வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். திடீரென்று இடது கையை வண்டியை நோக்கி நீட்டினார்.

“எடு” என்றார்.

சரியான சொல். உள்ளே ஓடிச் சாவியைக் கொண்டுவந்தேன். நான் அதுவரை வண்டி ஓட்டியதில்லை, பின்னால் உட்கார்ந்துதான் பழக்கம். சாவியைப் போட்டுத் திருப்பினேன், ஒரு விளக்கும் எரியவில்லை. செல்ஃப் பட்டனை அழுத்தினேன், சத்தமே இல்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. நைட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதித்தேன். மிதித்துக்கொண்டே இருந்தேன். ஒருமுறை அது திருப்பி அடித்ததில் கணுக்கால் வீங்கிவிட்டது.

அவர் நாற்காலியிலிருந்து இடது கையால் என்னவோ திருகிக் காட்டினார். பெட்ரோல் குழாய் என்று புரிந்தது. அதைத் திறந்துவிட்டு மறுபடி மிதித்தேன். ஒன்றும் இல்லை.

“கதவு” என்றார்.

நான் போய் வாசல் கேட்டைச் சாத்தினேன். இல்லை என்று தலையை ஆட்டினார்.

“கதவு. கதவு.”

சமையலறைக் கதவைச் சாத்தினேன். கொல்லைக் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்து, நாற்காலிக் கையை அடித்துக்கொண்டிருந்தார். “சரிங்க, விடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்று உள்ளே கூட்டிப் போய்விட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் செல்போனில் வீடியோ பார்த்தேன். ரொம்ப நாள் நின்ற வண்டியை எப்படிக் கிளப்புவது என்று ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டும், பழைய பெட்ரோலை மாற்ற வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, முதலில் சோக்கை இழுத்துப் பாருங்கள் என்றார். “சோக்னா பெருசா ஒண்ணுமில்லீங்க, உள்ள காத்து போற வழியில ஒரு சின்னக் கதவு.”

வீடியோவை அந்த இடத்திலேயே நிறுத்தினேன். பிறகு அவரை வெளியே கொண்டுவந்து உட்கார வைத்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன நெம்புகோலைத் தேடிப் பிடித்து இழுத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

“இதானங்க கதவு?”

அவர் தலையாட்டினார். உதடு ஒரு பக்கமாகச் சிரித்தது. நான் மிதித்தேன். வண்டி ஒரு முறை ‘டப்’ என்று இருமியது. கொஞ்சம் புகை வந்து நின்றது. அவ்வளவுதான், ஆனாலும் அது போதுமாக இருந்தது எனக்கு.

அன்று முழுக்க நான் வேறு ஆளாக இருந்தேன். அவர் சொற்கள் தொலைந்து போகவில்லை, பக்கத்து வீட்டுக்குக் குடி போயிருக்கின்றன, அவ்வளவுதான் என்று நினைத்தேன். நான்தான் போய்க் கூப்பிட்டு வர வேண்டும். தண்ணீருக்கு ஏன் செருப்பு? தண்ணீர்த் தொட்டிக்குப் போகும்போது செருப்பு போட்டுக்கொள்வோமே, அதனாலாக இருக்கும். சோற்றுக்கு ஏன் பஸ்? நான் பஸ்ஸில் வந்து இறங்கிய பிறகுதானே சோறு. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. மறுநாள் வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட மனசு அதிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடும்போது ரசத்தைக் காட்டி “கதவு” என்றார். நான் சிரித்தேன். காலையில் குளிப்பாட்டும்போது சோப்பு “கதவு”. சட்டை “கதவு”. ஜன்னலில் வந்து உட்கார்ந்த காகம் “கதவு”. செருப்பும் பஸ்ஸும்கூட மறைந்து போய், அந்த வாரக் கடைசியில் எல்லாமே கதவாகிவிட்டது. கட்டிலிலிருந்து என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான். “கதவு... கதவு...”

முன்பெல்லாம் என்னை “டீச்சர்” என்று கேலியாகக் கூப்பிடுவார்.

பயிற்சிப் பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டேன். சிலருக்கு ஒரு சொல் வாயில் ஒட்டிக்கொள்ளும், அதுவே திரும்பத் திரும்ப வரும், அதற்கு அர்த்தம் தேட வேண்டாம் என்றார். “அப்ப அன்னிக்கு வண்டியில சொன்னது?” என்றேன். “தற்செயலாவும் இருக்கலாம் மேடம்” என்றார்.

இருந்தாலும் வண்டியை விட மனசு வரவில்லை. சொல்லால் ஆகாதது சத்தத்தால் ஆகலாம் என்று ஒரு நினைப்பு. வருஷக்கணக்காகக் காதில் விழுந்த சத்தம், அதைக் கேட்டால் உள்ளே ஏதாவது விழித்துக்கொள்ளாதா? பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த மெக்கானிக்கை வரச்சொன்னேன். அடுத்த சனிக்கிழமை ஒரு பையில் சாமான்களோடு வந்தார். என் கணவரை அவருக்குத் தெரியும். “நல்லா இருக்கீங்களா சார்” என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு வேலையில் இறங்கினார்.

டேங்கிலிருந்த பெட்ரோலை வடித்து ஒரு டப்பாவில் காட்டினார். பழுப்பாக, பெயிண்ட் வாடை அடித்தது. கார்ப்பரேட்டரைக் கழற்றித் திறந்தார். உள்ளே பச்சையாகப் பாசி மாதிரி ஒட்டியிருந்தது.

“பெட்ரோல் போற ஓட்டையே அடைச்சுப் போச்சுங்க டீச்சர். நீங்க எவ்வளவு மிதிச்சாலும் வராது.”

கழுவினார், கம்பி விட்டுக் குத்தினார், ஊதினார். பிளக்கை மாற்றினார். புது பேட்டரி வைத்தார். புதுப் பெட்ரோல் ஊற்றிக் கிக்கரை மிதித்ததும், விக்கி விக்கி, கடைசியில் பிடித்துக்கொண்டது. சாய்ப்பு முழுக்கப் புகை. தகரம் அதிர்ந்தது.

நான் வண்டியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்கள் விரிந்தன. உடம்பு முன்னால் சாய்ந்தது. சீட்டைக் காட்டினார்.

“உக்காரணுமாங்க?”

தலையாட்டினார். வண்டி நடு ஸ்டாண்டில்தான் நின்றது. மெக்கானிக்கும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, காலைத் தூக்கிப் போட்டு, உட்கார வைத்தோம். நான் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டேன். இடது கை தானாகப் போய்க் கிளட்சைப் பிடித்தது. பிடித்து விட்டது, பிடித்து விட்டது. வலது கையை மெக்கானிக் எடுத்து ஆக்சிலேட்டர் மேல் வைத்தார். அது வழுக்கித் தொடையில் விழுந்தது. இன்னொரு தடவை வைத்தார். அப்போதும் விழுந்தது. பிரேக்கும் வலது காலில். ஓட்ட வேண்டியதெல்லாம் அந்தப் பக்கம்தான் இருந்தது. அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை.

தொடையில் கிடந்த கையை அவர் வெகு நேரம் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

“போதும்” என்றார்.

இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். மெக்கானிக் கை கழுவிக்கொண்டு கிளம்பும்போது, “அப்பப்ப ஸ்டார்ட் பண்ணி வைங்க டீச்சர். இல்லாட்டி மறுபடியும் இப்படியே ஆயிடும்” என்றார்.

சில வாரம் செய்தேன். சத்தம் கேட்டதும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். நிறுத்திவிட்டேன். இப்போது வண்டி மறுபடியும் கிளம்புவதில்லை. திருச்சிக்குப் போவதும் குறைந்துவிட்டது. இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று அந்தப் பெண்ணே சொன்னார். மெதுவாக, நல்ல விதமாகத்தான் சொன்னார்.

போன மாதம் பூலாம்பாடியிலிருந்து உரக்கடைக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கி வந்திருந்தார். காது கேட்காதவரிடம் பேசுவதுபோல, “இந்த வருசம் சோளம் நல்ல வெளைச்சல் சார்” என்று உரக்கச் சொன்னார். என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினார். ஏற்ற இறக்கத்தோடு, நடுவில் நிறுத்தி, யோசித்து, தலையசைத்துப் பேசினார். முழுக்கக் கதவு. வந்தவர் “சரிங்க சார், சரிங்க சார்” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வாசல்வரை வழியனுப்பப் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, “கடைசியா என்னமோ முக்கியமா சொன்னாருங்களே, என்ன சொன்னாரு?” என்று கேட்டார்.

“தெரியலீங்க” என்றேன்.