காலியாக இருந்த போத்தல்

சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது இரும்புத் தகடு என் கணவரின் தொடையைக் கிழித்து, நிறைய ரத்தம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். ஆனால் சிறுநீர் பிடிக்கக் கட்டிலில் மாட்டிய போத்தல் காலியாகவே இருந்தது.

“கிட்னி போச்சு. உயிர் வீட்டுலயே போகட்டும், டாக்சி கூப்பிடுறேன்,” என்றார் அவருடைய அண்ணன்.

தமிழ்த் தாதி தடுத்தாள். “கிட்னி கெடலீங்க. ரத்த அழுத்தம் எறங்கிடுச்சு. அழுத்தம் இல்லன்னா உங்க குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டுக் குழாயில தண்ணி வருமா? ரத்தம் அழுத்தித் தள்ளினாத்தான் கிட்னி வடிகட்டும். கொஞ்சம் பொறுங்க.”

“மனுஷன் என்ன குழாயா லா?” என்று அண்ணன் எழுந்தார்.

அவர் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “இங்கயே இருக்கட்டும், மாமா,” என்றேன்.

“ஏதாச்சும் ஆனா நீதான் பொறுப்பு.”

அடுத்த ரத்தப் போத்தல் பாதி இறங்கியபோது தாதி அழுத்தம் பார்த்தாள். “ஏறுது அக்கா,” என்றாள். நான் சிறுநீர்க் குழாயின் நுனியையே பார்த்தேன். வெகுநேரம் கழித்து மஞ்சளாக ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. அண்ணன் மறுபடி உட்கார்ந்தார்.

இன்றும் எங்கள் மாடியில் தண்ணீர் நின்றால் அக்கம்பக்கத்தார் திட்டுவார்கள். நான் குழாயைத் திறந்துவைத்துக் காத்திருப்பேன். “வந்துச்சா?” என்று உள்ளேயிருந்து என் கணவர் கேட்பார்.