ஈயம் அடைத்த மூன்று துப்பாக்கிகள்

பர்மாவில், தின்கன்ஜூன் பேட்டையில், செல்லக்கண்ணுவின் வீட்டுக் கூடத்தில் மூன்று துப்பாக்கிகள் சுவரில் தொங்கின. மூன்றும் சுடாது. குழாய்களுக்குள் ஈயத்தை உருக்கி ஊற்றி அடைத்திருந்தது. பக்கத்திலேயே கண்ணாடிச் சட்டத்துக்குள் முத்திரை குத்திய சான்று: இவை பழம்பொருள்கள், ஆயுதமாகப் பயன்படா.

துறைமுகக் கிடங்கில் முப்பது வருடம் எழுத்தர் வேலை பார்த்தவர். விடுமுறை நாளில் மாவ்பி சந்தைக்குப் பஸ் ஏறுவார். முதல் துப்பாக்கியை அங்கேதான் ஒரு விவசாயியிடம் வாங்கினார். அது மாட்டுக் கொட்டகைக் கதவுக்குத் தாழ்ப்பாளாகக் கிடந்தது. இரண்டாவது ஆற்றுக்கு அக்கரை டாலாவில் கிடைத்தது. மூன்றாவதைப் பழைய சாமான் கடை அமீர் அலி கொடுத்தார். துப்பாக்கி மேல் செல்லக்கண்ணுவுக்கு ஆசை ஒன்றும் கிடையாது. "எவன் எவனைச் சுட்டான்னு இந்த ஊர்ல யாரும் எழுதி வைக்கல, பாய். சுட்ட சாமானாவது மிஞ்சட்டும்" என்பார்.

சான்று வாங்க அவர் பதினான்கு மாதம் அலைந்தார். வட்டாரத் தலைவரின் கையெழுத்து, மூன்று கோணத்தில் படம், நீள அகலம். ஈயம் ஊற்றும்போது ஒரு காவலர் கூடவே நின்று, ஆறுவதற்குள் ஆணியால் அதில் தேதியைக் கீறினார். நேர்மையான மனிதனை அரசு எப்படி நடத்தும் என்பதற்கு அந்தப் பதினான்கு மாதமே போதும். ஆனால் செல்லக்கண்ணு அதைப் பெருமையாகத்தான் சொல்வார். சட்டம் என்று ஒன்று இருப்பதாக நம்பியவர்.

அவர் மனைவி சொர்ணம்மாள் ஆயுத பூஜையன்று வீட்டில் எதையும் விடமாட்டாள். தையல் மிஷின், அம்மி, சைக்கிள், கடைசியில் துப்பாக்கிகள். செல்லக்கண்ணுவுக்குச் சாமி நம்பிக்கை இல்லை.

"அது எதுக்கு சொர்ணம், இதுக்குப் போய்க் குங்குமம்?"

"அம்மிக்கு வைக்கிறேன், மிஷினுக்கு வைக்கிறேன். இதுங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஈயம் அடைத்த இரும்புக்குப் பொட்டு வைப்பது மடமை, சந்தேகமே இல்லை. ஆனால் யாருக்கும் தீங்கு செய்யாத மடமை.

ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சில மாதங்களில் ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாக வந்தது: உரிமம் உள்ள துப்பாக்கிகளையும் ஒப்படைக்க வேண்டும். அமீர் அலி கடையை அடைத்துவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணே, டாலா ஃபெரியில ஏறுங்க. நடு ஆத்துல மூணையும் விட்டுட்டுக் கையை வீசிக்கிட்டு வாங்க."

"கடுதாசி இருக்கு பாய்."

"கடுதாசி இருக்கு. அதைக் குடுத்தவன் இருக்கானா அண்ணே?"

செல்லக்கண்ணு கேட்கவில்லை. சான்றை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். பழம்பொருளை ஒப்படைக்க வேண்டியதில்லை, ஆய்வுக்கு வருவோம், அதுவரை வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். ஒரு வருடத்துக்கு மேல் யாரும் வரவில்லை.

அடுத்த ஆயுத பூஜையன்று மகள் மஞ்சுளா படம் எடுத்தாள். தமிழைக் காதால் கேட்டு, பர்மிய மொழியில் பதில் சொல்லி வளர்ந்தவள். பலகையில் சந்தனமும் சாமந்தியுமாக மூன்று துப்பாக்கிகள், நடுவில் எலுமிச்சம்பழம். அழகாக இருந்தது. ஃபேஸ்புக்கில் போட்டாள்.

எட்டாம் நாள் காலை ஆய்வாளர் வந்தார். கூடவே வட்டாரத் தலைவரும் நான்கு சிப்பாய்களும். ஆய்வாளர் குழாய்க்குள் கம்பியை விட்டார், ஈயத்தில் முட்டியது. விளக்கடித்துத் தேதியைப் படித்தார். சான்றோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. செல்லக்கண்ணு வட்டாரத் தலைவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஆய்வாளர் கட்டைப் பகுதியில் விரலைத் தேய்த்தார். செதுக்கு வேலையின் இடுக்கிலிருந்து சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. தன் போனை எடுத்து மஞ்சுளா போட்ட படத்தைக் காட்டினார். "இது என்ன, ஊலே?" என்று, பெரியவரை மாமா என்று அழைக்கும் பர்மிய மரியாதையோடுதான் கேட்டார்.

சொர்ணம்மாள், ஐயா என்பதைப் பர்மியத்தில் போட்டு, முந்திக்கொண்டாள். "பூஜை, சயா. வீட்டுக்குச் சோறு போடற சாமானுக்கெல்லாம் வைப்போம்."

"ஓ. இது எப்படி உங்களுக்குச் சோறு போடுது? யார் காசு குடுக்கிறா?"

"அய்யோ, அப்படி இல்லீங்க..."

"சயா, அது செத்த சாமான்" என்று செல்லக்கண்ணு குறுக்கே வந்தார்.

"செத்த சாமானுக்கு எவன் படையல் போடுவான்?"

"எங்க ஜனங்க செத்தவங்களுக்குத்தான் சயா படையலே போடுவாங்க."

ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். ஆய்வாளர் சிரிக்கவில்லை. படத்தைப் போட்ட பெண்ணைக் கூப்பிடச் சொன்னார். மஞ்சுளா உள்ளறையிலிருந்து வந்தாள். இருபத்து மூன்று வயது. அந்த வயதில் ராணுவம் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகள் எப்படித் திரும்பி வந்தார்கள், எத்தனை பேர் வரவேயில்லை என்பது கூடத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"படம் நான் போட்டது, சயா" என்றார் செல்லக்கண்ணு.

"போன் அவங்க பேர்ல இருக்கு."

"அவ போனை வாங்கி நான் போட்டேன்."

ஆய்வாளர் அவரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுதித் தருவீங்களா?"

வாக்குமூலத்தை வட்டாரத் தலைவர் எழுதினார். கிடங்கில் பழகிய கை, படிக்காமல் கையெழுத்துப் போடாது. செல்லக்கண்ணு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். 'சுடும் நிலையில் மூன்று துப்பாக்கிகளை வைத்திருந்தேன். அவற்றைப் பயன்படுத்தும் எண்ணத்தில் பூஜை செய்து படத்தைப் பரப்பினேன்.'

"ஈயம் அடைச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சேர்த்துடுங்க, சயா. இப்பத்தான் நீங்களே பார்த்தீங்க."

"சேர்க்கலாம் ஊலே. அப்புறம் கையெழுத்து உங்க பொண்ணு போடட்டும்" என்றார் ஆய்வாளர்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். முப்பது வருடம் ஒரு மூட்டைக் கணக்கைக்கூடப் பொய்யாக எழுதாத கை. ஆயுதமாகப் பயன்படாது என்று சான்று கொடுத்த அரசே, சுடும் என்று எழுதி வாங்கிக்கொண்டது. இரண்டிலும் முத்திரை ஒன்றுதான்.

மூன்று வருடத் தண்டனை.

சொர்ணம்மாள் இப்போது செவ்வாய்தோறும் கோயிலுக்குப் போகிறாள். எலுமிச்சம்பழத்தை அறுக்காமல் முழுசாக வைத்துவிட்டாளாம். அதனால் வந்த தோஷமாம். பூசாரி பரிகாரம் சொல்லியிருக்கிறார், இருபத்தோரு வாரம். மனிதன் செய்த அநியாயத்தைத் தெய்வத்தின் கணக்கில் எழுதித் தர இந்த ஊரிலும் ஆள் இருக்கிறது. போதாததற்கு, குற்றவாளி அவள்தான் என்று அவளையே நம்ப வைத்தும் விட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அர்ச்சனைத் தட்டோடு கிளம்பியவளை மஞ்சுளா மறித்தாள். அம்மாவிடம் அன்றைக்குத் தமிழில், திக்கித் திக்கிப் பேசினாள்.

"அம்மா, நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. சுடற துப்பாக்கியோட நம்ம வீட்டுக்குள்ள வந்தது அவங்க. நாலு பேர். நான் எண்ணினேன்."

சொர்ணம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். முதலில் போய்த் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினாள்.